நல்லூரில் எஞ்சியவை

பிள்ளைகளுடன் கண்டிக்குச் செல்லும் பழைய மாணவிகள் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள தேசிய நூதனசாலையையும் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ராணிமார் வாழ்ந்த மாளிகை அது. 1815இல் பிடிபட்ட மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அரசு போனது; மாளிகை தப்பியது.

நல்லூருக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றனர். 1621இல் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். அரண்மனையும் மிஞ்சவில்லை. நமது நூதனசாலை நாவலர் வீதியில், அரச வாசனையே இல்லாத சிறு கட்டடத்தில் இருக்கிறது.

சங்கிலியன் தோப்பு வளைவை நாம் அரண்மனை வாசல் என்றே சொல்லி வளர்ந்தோம். அதன் வேலைப்பாடு ஒல்லாந்தர் காலத்தது என்பர் ஆய்வாளர். மந்திரிமனையின் இன்றைய கட்டடமும் பிற்காலத்ததே. மன்னர் காலத்தது என்று எனக்கு மனம் ஒப்புவது யமுனா ஏரி மட்டுந்தான். 'ப' வடிவில் கல்லால் கட்டிய கேணி அது. தொடை எலும்பின் நீளத்தைக் கொண்டு ஆளின் உயரத்தை மதிப்பிடப் படித்தவள் நான். அந்தப் படிகளில் நின்றுதான் அரண்மனையின் பருமனை ஊகித்துப் பார்ப்பேன்.

விடுமுறையில் வருவோர் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். முத்திரைச் சந்தியில் இறங்கினால் மூன்றையும் நடந்தே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு முதலில் கேணியைக் காட்டுங்கள்.