விகுதி வந்து சேரும் இடம்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், மண்டூரில், ஆரம்ப வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். கொப்பிகளைத் திருத்தும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தனிச்சொல்லில் பிள்ளைகள் பிழைவிடுவது குறைவு. சொல்லோடு விகுதியோ உருபோ வந்து சேரும் இடத்தில்தான் பிழை நேர்கிறது. ‘கிணறு’ என்று சரியாக எழுதும் பிள்ளையே ‘கிணத்தில்’ என்றும் எழுதுகிறது. ‘கல்’ தெரிந்த பிள்ளை ‘கல்கள்’ என்கிறது. இந்தச் சிறிய இடத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது வழக்கமில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாக இல்லை. சொற்களுக்கிடையே இடமும் விடப்படவில்லை. ஆகவே எது பகுதி, எது விகுதி என்பதைக் காதும் மனனமும்தான் காட்டின. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்த பிள்ளை, எழுதுமுன் உரக்கச் சொல்லிப் பழகியது. நமது ஓதப்பள்ளியில் பலகையில் எழுதி ஓதிய பிள்ளைக்கும் அதுவே வழி. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில் ஏ, ஓ ஆகியவற்றுக்குத் தனி வடிவம் தந்தது எழுத்தைப் பற்றிய பெரும் திருத்தம்.

அச்சு வந்ததும் நிலைமை மாறியது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் இங்கு பாடசாலை தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுவருக்கெனப் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். பண்டிதர்களின் கடினமான சந்திகளைத் தளர்த்தி, நிறுத்தக்குறிகள் இட்டு, பிள்ளை வாசிக்கக்கூடிய உரைநடையை அவர் தந்தார். கற்பிப்பவனின் நோக்கில் அவரது பெரும்பணி இதுவே எனலாம்.

நமது பகுதியில் அந்த மரபு இரு கரைகளிலும் வேரூன்றியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மண்டூரில் 1899இல் பிறந்த ஏ. பெரியதம்பிப்பிள்ளை பகவத்கீதையை வெண்பாவில் தந்தவர். மருதமுனையின் ஆ.மு. ஷரிபுத்தீன் ‘நபிமொழி நாற்பது’ தந்தவர். பின்னிருவரும் ஆசிரியர்கள், இருவரையும் நாம் ‘புலவர்மணி’ என்றே அறிவோம். வாவிக்கு இக்கரையில் ஒருவரும் அக்கரையில் ஒருவருமாக ஒரே பட்டம் விளங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரு கரைக்கும் இலக்கணம் ஒன்றே.

இனி இலக்கணத்துக்கு வருவோம். வீடு, ஆறு, கிணறு, வயிறு போன்ற சொற்களில் வேற்றுமை உருபு சேரும்போது ஈற்று டகரமும் றகரமும் இரட்டிக்கும் என்கிறது நன்னூல். வீட்டை, ஆற்றில், கிணற்றில். பேச்சிலும் பிள்ளை இரட்டித்தே சொல்கிறது: வீட்டுல, ஆத்துல, கிணத்துல. ஆக விதி அதன் வாயில் ஏற்கனவே இருக்கிறது. ‘ற்ற’ என்பது நாவில் ‘த்த’ ஆகிவிட்டது, மாறியது அவ்வளவே. எனவே என் வகுப்பில் விதியைச் சொல்வதில்லை. விகுதியை உரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ‘கிணத்துல’ என்பதை உரித்தால் கிணறு. உள்ளே ‘று’ இருக்கிறது, ஆகவே கிணற்றில். ‘பத்துல’ என்பதை உரித்தால் பத்து. ‘று’ இல்லை, ஆகவே பத்தில். காற்று, நேற்று போன்றவை உரித்தாலும் பேச்சில் ‘த்து’ என்றே நிற்கும். அவற்றைக் கண்ணால் பழகுவதைத் தவிர வழியில்லை.

நமது பிள்ளைகளின் சொற்களும் இந்த விதிக்குள் வருகின்றன. அதுவே எனக்குப் பெரும் வியப்பு. துஆ, கலிமா என்பவை ஆகாரத்தில் முடிவதால் வகர உடம்படுமெய் பெற்றுத் துஆவை, கலிமாவை என்றாகின்றன. மௌலவி இகரத்தில் முடிவதால் மௌலவியை. அறபு இலக்கணம் இதைச் சொல்லவில்லை. தமிழ் நாவே செய்துகொண்டது. மகர ஈற்றில் இன்னும் சுவையான செய்தி உண்டு. மரம் மரத்தை ஆகும். இப்றாஹீம் இப்றாஹீமை என்றே நிற்கும். ஆதம் ஆதமை என்றே நிற்கும். ஆனால் இஸ்லாம் மட்டும் இஸ்லாத்தை, இஸ்லாத்தில் என்று அத்துச் சாரியை பெறுகிறது. அகரத்தை அடுத்த மகரத்துக்கு உரிய சாரியையை, ஆகாரத்தை அடுத்து மகரம் வரும் இச்சொல்லுக்கும் நாவு தந்துவிட்டது. மரம், நிலம், குளம் போன்ற வீட்டுச் சொற்களுக்குக் கொடுக்கும் உருபை இதற்கும் கொடுத்திருக்கிறது. ஒரு சொல் எவ்வளவு காலம் ஒரு மொழியில் குடியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எழுத்துச் சீர்திருத்தமும் இங்கே தொடர்புடையது. தமிழ்நாட்டு அரசு 1978இல் ணை, லை, ளை, னை முதலானவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. இலங்கைப் பாடநூல்களிலும் இன்று புதிய வடிவமே உள்ளது. முன்பு ‘அவனை’, ‘கடலை’ என்பவற்றில் இரண்டாம் வேற்றுமை உருபு துதிக்கைபோல் வளைந்து எழுத்துக்கு மேலே நின்றது. இன்று ‘பையை’ என்பதில் உள்ள அதே குறியாக முன்னே நிற்கிறது. பிள்ளைக்கு உருபு கண்ணில் படுகிறது. 1980 முதல் இலவசப் பாடநூல் கிடைத்ததால் ஏழைப் பிள்ளைக்கும் இந்த வடிவம் கைக்கு வந்தது.

இவ்வளவும் இருந்தும் ஒரு குறை நிற்கிறது. ‘கிணத்தில்’ என்று எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மை கோடிடுகிறது. பிள்ளையோ தன் வீட்டில் பேசும் பேச்சே பிழை என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு எழுதவே தயங்குகிறது. நாம் கோடிடுவது ஓர் எழுத்துக்குத்தான். அந்தப் பேச்சுக்கு அல்ல. இதைப் பிள்ளைக்குச் சொல்வது ஆசிரியரின் கடமை. ‘வீட்டில் கிணத்துல என்று சொல், கொப்பியில் கிணற்றில் என்று எழுது, இரண்டும் உன்னுடையவை’ என்று சொன்னால் போதும். ‘இஸ்லாத்தை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ‘மரத்தை’ என்பதை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டினால், தன் சொல் இலக்கணத்துக்கு வெளியே இல்லை என்பதைத் தரம் மூன்றில் படிக்கும் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்.