பட்டியலில் இல்லாத விதி செல்லாது

நம் சங்கத்தில் எத்தனை விதிகள் நடைமுறையில் இருக்கின்றன என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? பைலாவில் சில, பொதுக்குழுத் தீர்மானங்களில் சில, நோட்டீஸ் போர்டில் சில, வாட்ஸ்அப் குழுவில் சில. தெரியவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். 1980களில் சுவீடன் அரசாங்கமே இந்தக் கேள்விக்கு விழித்தது.

நிர்வாகத்துக்குப் பெயர்போன நாடு அது. ஆனால் அங்கே பல அரசு அமைப்புகள் தனித்தனியே விதிகளைப் போட்டுக்கொண்டே வந்தன. குடிமக்களிடம் தான் என்னென்ன எதிர்பார்க்கிறது என்ற முழுப் பட்டியல் அரசிடமே இல்லை.

ஒவ்வொரு விதியாக எடுத்து விவாதித்தால் முடிகிற காரியமா? அரசு கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஒவ்வோர் அமைப்பும் தன் விதிகளைப் பதிவு செய்ய வேண்டும். 1986 ஜூலை 1-க்குள் பதிவாகாத விதி செல்லாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தலைவெட்டும் கருவியின் பெயரால் இதைக் ‘கில்லட்டின்’ முறை என்கிறார்கள்.

பட்டியல் எழுத உட்கார்ந்த அதிகாரிகளே வேண்டாதவற்றைக் கழித்துவிட்டார்கள். கெடு முடிந்ததும் பதிவாகாத நூற்றுக்கணக்கான விதிகள் தாமாகவே ரத்தாயின. கல்வித் துறையில் 90 சதவீத விதிகள் போயின. அதன்பின் வரும் புதிய விதியும் ஒரே நாளில் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றானது.

1998-ல் தென் கொரியா வேறு வழியில் போனது. நிதி நெருக்கடியில் தவித்த நாட்டில், விதிகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் அதிபர் கிம் டே ஜங். 11,125 விதிகளில் ஏறக்குறையப் பாதி நீங்கின. வேகம் பெரிதுதான். ஆனால் எண்ணிக்கையே இலக்கானால், மூன்று பிரதி விண்ணப்பம் கேட்கும் விதியும் ஒன்று, உயிர் காக்கும் விதியும் ஒன்று என்றாகிவிடும். நம் மாடிப்படியில் பொருள் வைக்கக்கூடாது என்ற விதியை அப்படி வெட்ட முடியுமா?

சுவீடனிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியல். எழுதி வைக்காத விதி, அதை நினைவில் வைத்திருப்பவர் கையில் ஆயுதமாகிவிடும். முதலில் அடிபடுபவர் புதிதாகக் குடிவந்த வாடகைதாரர்.

அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் ஒன்று கேட்கலாம்: எல்லா விதிகளும் ஒரே தாளில், போட்ட தேதியோடும் காரணத்தோடும். காரணம் எழுத முடியாத விதியை என்ன செய்வதென்று அங்கேயே முடிவு செய்வோம்.