தானுந்து விளையாட்டில் சிறார் பாதுகாப்பு

தானுந்து விளையாட்டில் சிறார் பாதுகாப்பு என்பது மோட்டார் சைக்கிள், கார்ட் வண்டி, தானுந்து ஆகியவற்றின் பந்தயங்களிலும் பயிற்சிகளிலும் ஈடுபடும் 18 வயதுக்கு உட்பட்டோரை உடற்காயம், அளவுமீறிய பயிற்சி, மன அழுத்தம், பாலியல் சுரண்டல் ஆகியவற்றிலிருந்து காப்பதற்கான விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். தலைக்கவசம், தோலுடை போன்ற பாதுகாப்புக் கருவிகள் இதன் ஒரு பகுதி மட்டுமே. ஒரு சிறுவன் அல்லது சிறுமி எந்த வயதில், எவ்வளவு வேகமான வண்டியில், யாருடைய பொறுப்பில் களமிறங்கலாம் என்று முடிவு செய்வதே இதன் மையக் கேள்வியாகும். அம்முடிவை எடுக்கும் பெற்றோர், பயிற்றுநர், அணி உரிமையாளர், விளம்பர நிறுவனத்தார் ஆகிய அனைவருக்குமே அச்சிறாரின் வெற்றியில் ஏதோ ஒரு பங்கு உண்டு என்பதால் இத்துறையில் இக்கேள்வி பிற விளையாட்டுகளைக் காட்டிலும் கடினமானது.

பின்புலம்

தமிழ்நாட்டில் அமைப்பு முறையிலான தானுந்துப் பந்தயங்களுக்கு நெடிய வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட நிரந்தர ஓட்டத்தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே, வண்டி வடிவமைப்பாளரும் பந்தய ஓட்டுநருமான எஸ். கரிவரதனின் பெயரைக் கொண்டது. நாடு முழுவதும் உள்ள கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ 1971-இல் உருவானது. பந்தய உரிமங்களை வழங்குவதும் போட்டி விதிகளை வகுப்பதும் இக்கூட்டமைப்பின் பணிகளாகும்.

இவ்விளையாட்டு பெரும்பாலும் குடும்பவழியாகவே வளர்ந்துள்ளது. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனின் தந்தை ராலி ஓட்டுநர். 2010-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய கருண் சந்தோக்கின் தந்தையும் பந்தய ஓட்டுநரே. தந்தையே பயிற்றுநராகவும் பணம் போடுபவராகவும் அணி மேலாளராகவும் இருக்கும் நிலை இங்கு இயல்பானது. பெரும்பாலான குடும்பங்களில் இது நன்மையாகவே முடிகிறது எனலாம். ஆயினும், "இன்று எனக்கு ஓட்ட அச்சமாக உள்ளது" என்று ஒரு பிள்ளை சொல்ல விரும்பினால், அதைக் கேட்டுக்கொள்ளத் தந்தையைத் தவிர வேறொருவர் களத்தில் இருப்பதில்லை.

2023 இருங்காட்டுக்கோட்டை விபத்து

பெங்களூருவைச் சேர்ந்த சிரேயஸ் ஹரீஷ் இந்தியாவின் நம்பிக்கையளித்த இளம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுள் ஒருவர். 2010 சூலை 26 அன்று பிறந்த இவர், 2023-ஆம் ஆண்டு தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் டிவிஎஸ் வண்டிகளுக்கான புதுமுகப் பிரிவில் தொடர்ந்து நான்கு பந்தயங்களை வென்றிருந்தார். சிறாருக்கான மினி ஜிபி பந்தயங்களிலும் வெற்றி பெற்றிருந்தார். அதே ஆகத்து மாதம் மலேசியாவின் செபாங் தடத்தில் ஓட்டவும் ஏற்பாடாகியிருந்தது.

2023 ஆகத்து 5, சனிக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில் தொடரின் மூன்றாம் சுற்று நடைபெற்றது. அன்று காலைத் தகுதிச் சுற்றில் சிரேயஸ் முதலிடம் பெற்றார். பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, முதல் வளைவைக் கடந்து வெளியேறும்போது கீழே விழுந்து தலையில் கடும் காயமடைந்தார். செங்கொடி காட்டப்பட்டுப் பந்தயம் நிறுத்தப்பட்டது. தடத்தில் ஆயத்தமாக நின்ற அவசர மருத்துவ ஊர்தியில் அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் உயிர் பிழைக்கவில்லை. அவருக்குப் பதின்மூன்று வயது நிறைந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. சனி, ஞாயிறு இரு நாட்களிலும் எஞ்சியிருந்த பந்தயங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. அதே தடத்தில் அவ்வாண்டு சனவரி 8 அன்று 59 வயதான மூத்த ஓட்டுநர் கே. இ. குமார் விபத்தில் உயிரிழந்திருந்தார்.

இவ்விரு இறப்புகளும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கத்தக்கவை அல்ல. பல்லாண்டு பட்டறிவுள்ள ஒருவர் இடரை அறிந்தே ஏற்கிறார். பதின்மூன்று வயதுப் பள்ளி மாணவருக்காக அதனை வேறு சிலர் ஏற்கின்றனர்.

வயது வரம்பு

இதையொத்த விபத்துகள் பிற நாடுகளில் முன்னரே நிகழ்ந்துள்ளன. 2010 ஆகத்து 29 அன்று அமெரிக்காவின் இண்டியானபொலிசு தடத்தில் 13 வயது பீட்டர் லென்சு ஆயத்தச் சுற்றில் கீழே விழுந்து, பின்னால் வந்த வண்டி மோதி இறந்தார். அவ்வண்டியை ஓட்டியவருக்கு வயது 12. இவ்வகை விபத்துகளில் பாதிக்கப்படும் சிறார் பெரும்பாலும் ஒருவர் அல்லர் என்பதையும், மோதிய வண்டியில் இருந்த பிள்ளைக்கும் நெடுநாள் உளநலத் துணை தேவை என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது. விபத்துச் செய்திகளில் இப்பகுதி பெரிதும் விடுபட்டுப் போகிறது.

2021-ஆம் ஆண்டில் எசுப்பானியத் தடங்களில் மட்டும் இரு சிறார் உயிரிழந்தனர். சூலை 25 அன்று அரகோன் தடத்தில் 14 வயது ஊகோ மில்யானும், செப்டெம்பர் 25 அன்று கெரெசு தடத்தில் 15 வயது டீன் பெர்த்தா வின்யாலசும் இறந்தனர். இதன்பின் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 2021 அக்டோபரில் வயது வரம்புகளை உயர்த்தியது. உலக கிராண்ட் பிரீ பந்தயங்களில் புதிதாக நுழைவோருக்கான வரம்பு, சில விலக்குகளுடன், 2023 முதல் 18 ஆனது. கீழ்நிலை இளையோர் தொடர்களிலும் வயது உயர்த்தப்பட்டது; ஒரே நேரத்தில் தடத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. இரண்டாவது மாற்றம் அதிகம் பேசப்படாவிட்டாலும் மிக இன்றியமையாதது. சிறு வண்டிகளின் வேகம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் ஓட்டுநர்கள் ஒரே கூட்டமாக நெருங்கிச் செல்வர். முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு விலக இடமிருக்காது. தொடக்கத்திற்குப் பிந்தைய முதல் வளைவில் இந்நெருக்கம் உச்சத்தில் இருக்கும்.

வயதை மட்டும் உயர்த்துவதால் பயன் குறைவு என்று கருதுவோரும் உளர். பன்னிரண்டு வயதில் சிறு வண்டியில் முறையாகக் கற்றவர், பதினாறில் திடீரெனப் பெரிய வண்டியில் ஏறுபவரைவிடப் பாதுகாப்பாக ஓட்டுவார் என்பது அவர்களது வாதம். 10 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கான மினி ஜிபி உலகத் தொடர் 2021-இல் தொடங்கப்பட்டதும் இக்கருத்தின் அடிப்படையிலேயே ஆகும். இதில் சிறிய தடங்களில் ஆற்றல் குறைந்த வண்டிகளே ஓட்டப்படுகின்றன. வாதம் ஏற்கத்தக்கதே. எனினும் சிறு தடத்தில் வென்ற பிள்ளையை எப்போது பெருந்தடத்துக்கு மாற்றுவது என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

உடலியல் காரணங்கள்

சிறாரின் தலை, உடலின் பிற பகுதிகளை நோக்க எடைமிகுந்தது. கழுத்துத் தசைகளோ முழு வலிமை பெறாதவை. பெரியவர்களுக்கான தலைக்கவசம் இச்சுமையை மேலும் கூட்டுகிறது. இதனைக் கருதியே ஸ்னெல் நிறுவனமும் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பும் இளம் கார்ட் ஓட்டுநர்களுக்கென எடை குறைந்த தலைக்கவசங்களுக்கான தரநிலையை 2007-இல் கொண்டுவந்தன. "வளர்ந்தாலும் பயன்படட்டும்" என்று ஓரளவு பெரிதாக வாங்கும் வழக்கம் செருப்புக்கும் சட்டைக்கும் பொருந்தலாம், தலைக்கவசத்துக்குப் பொருந்தாது. தளர்வான கவசம் விழும்போது கழன்றுவிடக் கூடும்.

வளரும் எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்தட்டுகள் முதிர்ந்த எலும்பைவிட மென்மையானவை. அங்கு ஏற்படும் முறிவு, கை அல்லது காலின் வளர்ச்சியையே பாதிக்கலாம். சென்னை, கோயம்புத்தூர் வெயிலில் தோலுடையுடன் நீண்ட நேரம் பயிற்சி செய்யும்போது நீரிழப்பும் வெப்பத்தாக்கமும் ஏற்படுகின்றன. களைப்பினால் கவனம் சிதறுவதைச் சிறார் தாமாக உணர்ந்து சொல்வது அரிது. தலையில் அடிபட்டபின் மருத்துவர் ஒப்புதலின்றி மீண்டும் வண்டி ஏற அனுமதிக்கக் கூடாது.

இந்தியச் சட்டங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பொதுவிடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதுமானது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் குற்றமிழைத்தால் பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இவ்விதிகள் பொதுவிடங்களைப் பற்றியவை. மூடிய ஓட்டத்தடத்தில் வயதை வரையறுப்பது விளையாட்டு அமைப்புகளின் பொறுப்பாகவே உள்ளது. எனவே தெருவில் ஸ்கூட்டர் ஓட்டத் தடையுள்ள ஒருவர் தடத்தில் பந்தய வண்டி ஓட்டுவது முரணாகத் தோன்றினாலும் சட்டமீறல் ஆகாது.

பந்தயத்துக்கு முன் கையெழுத்திடப்படும் பொறுப்புத் துறப்புப் படிவம் பற்றியும் ஓர் ஐயம் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் சிறார் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்; அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று மொகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பெற்றோர் கையெழுத்திடுகின்றனர். படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

2012-ஆம் ஆண்டு பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) விளையாட்டுக் கழகங்களுக்கும் பொருந்தும். இதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும், நடக்கக் கூடும் என அஞ்சும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தடக் காவலர், பொறிவினைஞர், மருத்துவர், பிற ஓட்டுநரின் பெற்றோர் என எவருக்கும் விலக்கில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரையிலும், தம் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. "கழகத்துக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

தடத்துக்கு வெளியே

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்றுநர் ஒருவர், பயிற்சி பெற்ற பெண் அளித்த முறையீட்டின் பேரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். பின்னர் முன்னாள் மாணவியர் சிலரும் முறையிட்டனர். தடகளத்தைவிடத் தானுந்து விளையாட்டில் வெளியூர்ப் பயணமும் விடுதித் தங்கலும் மிகுதி என்பதால் இவ்வகை இடர் இங்கும் கருதத்தக்கது.

கன்னியாகுமரி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இம்மாவட்டத்தில் நிரந்தர ஓட்டத்தடம் இல்லை. நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டத்தைச் சேர்ந்த பதினான்கு வயது ஆர்வலர் ஒருவர் முறையாகப் பயிற்சி பெறக் கோயம்புத்தூருக்கோ, ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவிலுள்ள இருங்காட்டுக்கோட்டைக்கோ செல்ல வேண்டும். ஓர் இரவுத் தொடர்வண்டிப் பயணமும் இரண்டு மூன்று நாள் தங்கலும் இதில் அடங்கும். பெற்றோர் விடுப்பு எடுக்க இயலாதபோது பிள்ளை அணியினருடன் அனுப்பப்படுகிறது. யாருடன் பயணம், யாருடன் அறை, இரவில் தொலைபேசியில் யாரை அழைப்பது என்பவை அப்போது வண்டியின் நிறுத்துகருவிக்கு இணையான பாதுகாப்புக் கேள்விகளாகின்றன. பயிற்றுநரும் சிறாரும் ஒரே அறையில் தங்காமை, தனியாக ஒரு பெரியவருடன் மட்டும் நெடுந்தொலைவு பயணம் செய்யாமை, பயிற்றுநரின் செய்திகள் பெற்றோரும் உள்ள குழுவிலேயே பகிரப்படுதல் ஆகியவை பல நாட்டுக் கழகங்கள் பின்பற்றும் எளிய வழக்கங்கள்.

தடம் தொலைவில் இருப்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. மக்கள் நெருக்கம் மிகுந்த இம்மாவட்டத்தின் சாலைகளே வேகத்தில் நாட்டம் கொண்ட இளைஞரின் கைக்கெட்டும் களமாக உள்ளன. அங்கே தடக் காவலரும் இல்லை, மருத்துவ ஊர்தியும் இல்லை.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் மோட்டார்ஸ்போர்ட் யுகே அமைப்பின் கீழுள்ள கழகங்கள் சிறார் காப்பு அலுவலர் ஒருவரை அமர்த்துகின்றன. பந்தய முடிவுகளில் தொடர்பில்லாத இவரிடம் பிள்ளைகள் நேரடியாகப் பேசலாம். சிறாருடன் பணியாற்றுவோரின் குற்றப் பின்னணி முன்கூட்டியே சரிபார்க்கப்படுகிறது. 2022-இல் இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் சட்டம் திருத்தப்பட்டு, ஆசிரியர்களைப் போலவே விளையாட்டுப் பயிற்றுநர்களும் தம் பொறுப்பிலுள்ள 16, 17 வயதினருடன் பாலுறவு கொள்வது குற்றமாக்கப்பட்டது.

இந்தியாவில் 2025-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், பெண்களையும் சிறாரையும் துன்புறுத்தலிலிருந்து காக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைக்கு வழிவகுக்கிறது. தடத்திலோ வெளியிலோ இடருக்குள்ளாகும் சிறார் குறித்து 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும், ஒவ்வொரு மாவட்டத்திலும் இயங்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் தெரிவிக்கலாம்.