சென்னைக்கு மாஸ்கோ கணக்கு

மாஸ்கோ தன் வயசை 1147லிருந்து எண்ணுது. அந்த வருஷம் யாரும் அடிக்கல் நாட்டலைங்க. யூரி தல்கரூக்கி என்ற இளவரசர் தன் கூட்டாளியை மாஸ்கோவுக்கு வரச்சொன்னதாக ஒரு பழைய ஆண்டுக்குறிப்பு சொல்லுது. ஊர்ப்பேர் ஏட்டில் முதல்ல வர்ற இடம் அது, அவ்வளவுதான்! 1997ல் 850வது ஆண்டுவிழாவே எடுத்துட்டாங்க.

நம்ம கணக்கு வேற. 1639 ஆகஸ்ட் 22, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள்னு கொண்டாடுறோம். ஆனா கோட்டைக்கு வடக்கே திருவொற்றியூர் இருக்கே? ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர். சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இங்கேதான்னு பெரியபுராணம் சொல்லுது. கோயில் விமானம் கருங்கல்லாக எழும்பியது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில்; கல்வெட்டே சாட்சி.

2011ல் இந்த ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தாச்சு. அப்புறம் என்ன? மாஸ்கோ கணக்குப்படி சென்னைக்கு வயசு 1300க்கு மேல :)

மயிலாப்பூருக்காவது பழைய ஊர்னு ஒரு மரியாதை உண்டு. வடசென்னைன்னா துறைமுகம், கன்டெய்னர் லாரி, எண்ணூர்ப் புகை, இவ்வளவுதான் பலருக்கு ஞாபகம் வருது. வரலாறு இல்லாத ஊர்னு நினைச்சுட்டா, எதை வேணும்னாலும் அங்கே கொண்டுபோய்க் கொட்டலாம்னு தோணிடுதுங்க.