வசதிக்கு விட்ட வழி: வைஃபை பாதுகாப்பின் வரலாறு, 1997–2018

மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்துபோவதையும், அதே வைஃபையில் அந்நியர் நுழைந்துவிடுவதையும் நாம் வெவ்வேறு சிக்கல்களாகவே பேசுகிறோம். வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் இரண்டும் நெருங்கிய உறவுடையவை. இணைப்பு சுலபமாகக் கிடைக்க வேண்டும், இடையில் அறுபடக் கூடாது என்று செய்த ஏற்பாடுகளே பலமுறை பாதுகாப்பின் ஓட்டைகளாகியுள்ளன.

1997இல் வெளிவந்த 802.11 தரநிர்ணயத்திலேயே டபிள்யூ.இ.பி. என்ற குறியாக்க முறை இருந்தது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக அதன் சாவி 40 பிட் அளவிலேயே நின்றது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் மாற வேண்டிய எண்ணுக்கு 24 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. சுமார் 1.67 கோடி எண்கள் தீர்ந்ததும் பழையவை திரும்பிவரும். ஒரே எண் இருமுறை வந்தால் மறைப்பு கலையத் தொடங்கும். 2001இல் போரிசோவ், கோல்ட்பெர்க், வாக்னர் ஆகியோர் இதைவிட மோசமான ஒன்றைக் காட்டினர். அவர்கள் சோதித்த மடிக்கணினி அட்டை, ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்த எண்ணைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்கியது. அதே ஆண்டில் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் மூவரும் டபிள்யூ.இ.பி. பயன்படுத்திய ஆர்.சி.4 குறியாக்கத்தின் பலவீனத்தைக் கண்டறிந்து, சாவியையே மீட்கும் வழியைக் காட்டினர்.

டபிள்யூ.இ.பி.க்குப் பதிலாக 2003இல் வந்த டபிள்யூ.பி.ஏ. ஓர் இடைக்கால ஏற்பாடு. பழைய அட்டைகளை எறியாமல் மென்பொருளை மட்டும் புதுப்பிக்கலாம் என்பதற்காக டி.கே.ஐ.பி. என்ற முறை ஆர்.சி.4ஐயே வைத்துக்கொண்டது. அன்றைக்கு அது நியாயமான சமரசம்தான். 2004இல் ஏ.இ.எஸ். குறியாக்கத்தோடு டபிள்யூ.பி.ஏ.2 வந்த பிறகும் பழையதை விடாமல் பிடித்திருந்ததுதான் தவறு. டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்க வணிக நிறுவனத்தில் குறைந்தது 4.5 கோடி கடன், பற்று அட்டைகளின் விவரங்கள் திருடுபோனது 2007இல் வெளிவந்தது. டபிள்யூ.இ.பி.யிலிருந்து அந்நிறுவனம் முழுமையாக மாறி முடிப்பதற்குள் அத்திருட்டு தொடங்கிவிட்டது.

கடவுச்சொல்லைத் தட்டும் சிரமத்தைக் குறைக்க வந்த டபிள்யூ.பி.எஸ். வசதியின் கதையும் இதுவே. அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரு பாதிகளாகச் சரிபார்த்ததால், 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இல் ஸ்டீபன் ஃபீபெக் காட்டினார்.

2017 அக்டோபரில் மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதலே இந்த வரலாற்றில் மிக முக்கியமானது. இணையும்போது மடிக்கணினியும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் ரவுட்டர் அதைத் திரும்ப அனுப்பும். சிக்னல் பலவீனமான இடத்திலும் இணைப்பு கிடைப்பதற்கு இது அவசியம். ஆனால் அச்செய்தி மீண்டும் வந்ததும் மடிக்கணினி அதே சாவியை மறுபடி நிறுவி, எண்ணிக்கையைத் தொடக்கத்துக்கே கொண்டுபோனது. 2001இல் கண்ட குறை, 16 ஆண்டுகள் கழித்து வேறு வாசல் வழியே திரும்பியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதால் இது தீரவில்லை. மடிக்கணினியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3, இணைப்பைத் துண்டிக்கும் போலிச் செய்திகளை ஏற்காத பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. பழைய மடிக்கணினி அதில் இணைய மறுத்தால் டி.கே.ஐ.பி.க்கு இறங்கிவிடாதீர்கள். முதலில் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2–ஏ.இ.எஸ். போதும். டி.கே.ஐ.பி.யில் பாதுகாப்போடு வேகமும் போகும்: 802.11என் தரநிர்ணயப்படி அதில் நொடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது.