தலைக்காயத்தில் மூளைக் குருதியோட்டம்: படமாக்கத்தின் வரலாறு

முன்னுரை

தேவாரத் தலமான திருப்பாச்சூர், திருவள்ளூரை அடுத்துச் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ளது. இத்தகைய சாலைகளில் தலையில் அடிபடுவோர்க்கு முதலில் எடுக்கப்படுவது சி.டி. ஸ்கேன். அது குருதிக் கசிவைக் காட்டும். மூளைத் திசுவிற்குக் குருதி போதிய அளவு சென்று சேர்கிறதா என்பதைக் காட்டாது. இவ்விரு வினாக்களுக்கும் மருத்துவம் தனித்தனி வழிகளில் விடை தேடிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவம் காணல்

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், எக்ஸ் கதிரில் புலப்படும் கரைசலைத் தமனியில் செலுத்தி மூளை நாளங்களைப் படமெடுத்தார். தமிழகத்தில் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கினர். அக்கால மருத்துவர்கள், நாளங்கள் இடம்பெயர்ந்திருப்பதைக் கொண்டே உள்ளிருக்கும் குருதிக்கட்டை உய்த்துணர்ந்தனர். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி பயன்பாட்டிற்கு வந்தபின் குருதிக்கட்டே நேரடியாகத் தெரிந்தது. வடிவம் தெளிந்தது, ஓட்டம் பற்றிய வினா எஞ்சி நின்றது.

ஓட்டம் அளத்தல்

அவ்வினாவிற்கு 1940களில் கெட்டியும் ஷ்மிட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கொண்டு விடை கண்டனர். 100 கிராம் மூளைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மி.லி. குருதி செல்வது அறியப்பட்டது. ஆயினும் அது முழு மூளையின் சராசரி மட்டுமே. 1960களில் கதிரியக்கச் செனான் பகுதிவாரி அளவீட்டைத் தந்தது.

இவ்வளவீட்டின் தேவையை 1978இல் கிளாஸ்கோ ஆய்வு உணர்த்தியது. தலைக்காயத்தால் இறந்த 151 பேரின் மூளைகளில் 91 விழுக்காட்டில் குருதிக் குறைவால் நேர்ந்த சிதைவு காணப்பட்டது. செனான் வாயுவைச் சி.டி.யுடன் இணைத்து 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், காயம்பட்ட முதல் சில மணி நேரத்திலேயே ஓட்டம் மிகத் தாழ்ந்திருப்பதைக் காட்டின.

முடிவுரை

ஓட்டம் மிகத் தாழும் அம்மணி நேரம் பெரும்பாலும் சாலையிலும் ஆம்புலன்சிலும் கழிகிறது. இன்றைய பெர்ஃபியூஷன் சி.டி. ஓட்டத்தை நிமிடங்களில் வரைந்துகாட்டினும், படமெடுக்குமுன் இழந்த திசுவை மீட்க இயலாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லா வாய்ப்பளிக்கிறது. குருதியோட்ட ஆய்வுகளோ அதனினும் குறுகிய காலத்தைச் சுட்டுகின்றன. வழியிலேயே மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பதே அவ்வாய்வுகள் உணர்த்தும் முதற்கடமையாகும்.