புதையலில் இருந்தது துணி

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கடற்கொள்ளையர் வேடம் கட்டிய கதைசொல்லிகள் பயணிகளைத் தெருத்தெருவாக நடத்திக் கதை சொல்கிறார்கள். 1718 மே மாதம் பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையன் அந்தத் துறைமுகத்தை மறித்துப் பணயக்கைதிகளைப் பிடித்தான். அவன் கேட்டது ஒரு பெட்டி மருந்து! ஆனாலும் கதை கேட்க வருகிறவர்களுக்குத் தங்கம்தான் வேண்டும்.

கேப்டன் கிட் கதையும் அப்படித்தான். கடற்கொள்ளைக் குற்றத்துக்காக அவனைத் தூக்கிலிட்டதும் லண்டனில் அவனைப் பற்றி ஒற்றைத்தாள் பாட்டு அச்சாகி விற்றது. நம் சென்னைக் குஜிலிக் கடைக்காரர்கள் காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் பாடிப் பாடி விற்ற அதே வியாபாரம். அந்தக் கிட் பாட்டு அமெரிக்காவில் பின்னாளில் பரவிய வடிவத்தில் தங்கக் கட்டிகள் வந்து சேர்ந்தன. திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு கதை.

கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் கொடுத்த ஆணையுடன் 1696-இல் கிளம்பியவன் கிட். 1697 ஆகஸ்டில் செங்கடல் வாயிலில், மோக்காவிலிருந்து வரும் கப்பல்களுக்காகப் பதுங்கியிருந்தான். காவல் கப்பல் சுட்டதும் பின்வாங்கினான். 2023 நவம்பருக்குப் பிறகு ஏமனின் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கியதால் நம் பனியன் கன்டெய்னர்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போனதும், வாடகை எகிறியதும் இதே வாயிலால்தான்.

1698 ஜனவரி 30. கொச்சிக்கு அப்பால் 'குவேதா மெர்ச்சன்ட்' சிக்கியது. வங்காளத்திலிருந்து சூரத் போய்க்கொண்டிருந்த கப்பல். ஆர்மீனிய வணிகர்கள் அமர்த்தியது. சரக்கில் முகலாய அரசவைப் பெரும்புள்ளி ஒருவருக்கும் பங்கு இருந்தது. பட்டு, மஸ்லின், காலிகோ என உள்ளே பேல் பேலாகத் துணி. கூடவே சர்க்கரை, இரும்பு, வெடியுப்பு. ஒரு பகுதியைக் கேரளக் கரையிலேயே விற்றுக் காசாக்கினான்.

கப்பல் பிரெஞ்சு அனுமதிச்சீட்டு வைத்திருந்தது, பிரான்ஸ் எதிரி நாடு, ஆகவே நான் பிடித்தது சட்டப்படி சரி என்றான் கிட். நியாயம் இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் விசாரணையில் அந்தச் சீட்டுகள் காணோம். ஒரு டாக்குமென்ட் குறைந்தால் என்ன ஆகும் என்று ஷிப்பிங் பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து அவை லண்டன் அரசு ஆவணங்களுக்குள்ளேயே கிடைத்தன!

1701 மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கு. முதல் கயிறு அறுந்தது, மறுபடி ஏற்றினார்கள். உடலை இரும்புக் கூண்டில் மாட்டி டில்பரியில் தொங்கவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் இன்னொன்று நடந்தது. ஆங்கிலேய நெசவாளர்களின் நெருக்குதலால் 1700-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சிட்ட, சாயமிட்ட இந்தியக் காலிகோவை இங்கிலாந்தில் இனி யாரும் உடுத்தக் கூடாது. இறக்கினாலும் வேறு நாட்டுக்குத்தான் மறுஏற்றுமதி. கிட் மறித்தது ஒரு கப்பலை. இந்தச் சட்டம் மறித்த துணியின் கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)